அதே வெள்ளிக்கிழமை

அய்ய, கள்ளெல்லாம் குடிக்கலீங்கண்ணா, மோந்து வேணா பாத்துக்குங்க. திண்டிவனம் மாதா கோயில்லேர்ந்து வர்றேன், அதான் இந்தச் சிரிப்பு. ஆறு மைலு நடந்தேன், காலு தரையிலயே படல. வழியில ஒரு எருமைக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்னா பாத்துக்குங்களேன். கன்னமா? செவந்தா கீது? அது வந்து... சொல்றேன்.

நீங்க பாட்டுக்கு மல்லாட்டை ஒடைங்க, நானும் ரெண்டு கை கடலை ஒடைக்கிறேன். உங்க தம்பி சின்னதுரை இருந்தா இந்நேரம் மூட்டையே காலியாயிருக்கும். சரி சரி, மொகத்தத் திருப்பாதீங்க. ஆறு வருசமா அந்தப் பேர எடுத்தாலே உங்களுக்கு ஆவாது.

பாவசங்கீர்த்தனம் பண்ணேங்க. எங்க கோயில்ல மரக்கூண்டுக்குள்ள சாமியார் குந்திக்கினு இருப்பாரு, நாம முட்டி போட்டு பண்ண பாவத்தச் சொல்லணும். மன்னிச்சி, அபராதம் போடுவாரு. கோர்ட்டு அபராதம் இல்லீங்க, ஜெபம்தான். ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்துல வெள்ளிக்கிழமையானா நாங்க கறி தொடக்கூடாது. நான் வருசா வருசம் ஒண்ணையே சொல்லுவேன். தபசுகாலத்து வெள்ளிக்கிழமையில கறி தின்னுட்டேன் சாமி. பத்து மந்திரம் சொல்லுன்னு அனுப்பிடுவாரு. வூடு வர்றதுக்குள்ள நெஞ்சுல கல்லு திரும்பவும் வந்து குந்திக்கும்.

இந்த வருசம் புது சாமியாரு. எந்த வெள்ளிக்கிழமைன்னாரு. அம்பத்தேழுல சாமின்னேன். ஏம்பா, ஆறு வருசமா ஒரே வெள்ளிக்கிழமையவா சொல்லிக்கினு இருக்கன்னாரு. அப்பறம் மெதுவா, அது யாரு ஆடுப்பான்னு கேட்டாரு பாருங்க.

அவ்ளோதான், பொலபொலன்னு அழுதுட்டேன். எல்லாத்தையும் கொட்டினேன். கொட்டக் கொட்ட ஒடம்பு பஞ்சாட்டம் ஆயிடுச்சி. ஜெபமாலை மூணு சொல்லு, அப்பறம் பாதிச்சவங்ககிட்ட உன் வாயாலயே சொல்லுன்னாரு. ஜெபமாலை முடிஞ்சுது. சொல்ல வேண்டியதுல பாதி முடிஞ்சுது. மீதிக்குத்தான் இங்க குந்தியிருக்கேன்.

மல்லாட்டை பூ வுட்டு நின்ன நேரம்ணா. மேல்மலையனூரு அம்மனுக்கு நேர்ந்துவுட்ட கெடாவ யாரு வெரட்டுறது? தெனம் எங் கொல்லையிலதான் மேயும். ஒரு நாளு பொறுக்க மாட்டாம கழிய வுட்டெறிஞ்சேன். மண்டையில பட்டு சாஞ்சிடுச்சி. பொதைச்சா நாயி தோண்டும். மச்சான் பூமாலைதான், தின்னுட்டா தடயமே இருக்காதுன்னான். அன்னிக்கி வெள்ளிக்கிழமைங்கிறதே கொழம்பு கொதிக்கும்போதுதான் ஞாபகம் வந்துச்சி.

ஆமாங்கண்ணா. உங்க கெடாதான். தம்பி வித்துத் தின்னுட்டான்னு வூட்டவுட்டு வெரட்டினீங்களே, அவரு அந்தக் கெடா கயித்தக்கூட தொடலீங்க. நீங்க வெரட்டினப்ப நான் இதே வாசல்ல நின்னு பாத்துக்கினு இருந்தேன். வாயத் தொறக்கல.

இன்னிக்கி கோயில்ல முடிச்சதும் மொதல்ல திண்டிவனத்துல அவரு வேலை செய்யிற ரைஸ் மில்லுக்குத்தான் போனேன். சொன்னேன். வுட்டாரு ஒண்ணு, அதான் இந்தக் கன்னம். அப்பறம் என்னக் கட்டிக்கினு அவரும் அழுதாரு. இந்தப் பக்கத்துக் கன்னம் உங்களுதுண்ணா, அப்படியே வெச்சிருக்கேன், சாவகாசமா அடிங்க. மொதல்ல வெளிய வந்து ஒரு கொரல் குடுங்க. அதோ அந்தப் பனமரத்தடியில நிக்கிறாரு, அண்ணன் கூப்ட்டாதான் வருவேன்னு.