சாப்பாட்டோட போட்ட மாத்திரை

அந்த நோட்டை அப்படி உத்துப் பாக்காதீங்க சிஸ்டர். தூக்கக் கணக்கு எழுதச் சொன்னீங்க, எழுதியிருக்கேன். என்ன, ஏழு நாளும் ஏழு மணி நேரமா? ஆமா... ஒரே பேனாதான். சரி, மாட்டிக்கிட்டேன். இப்ப ஆஸ்பத்திரி வாசல்ல, நான் ஓட்டுற ஸ்கூல் பஸ்ஸுக்குள்ள உக்காந்துதான் மொத்தத்தையும் எழுதினேன்.

நிஜமா எவ்வளவா? ரெண்டு மணி நேரம் தூங்கினாலே பெரிய விஷயம். பெருங்குடல் முழுக்கப் புண்ணு, கக்கூஸுக்கும் கட்டிலுக்கும் நடந்தே விடிஞ்சிரும். அதை விடுங்க, வயிறு அடங்கின நாள்லயும் கண்ணு மூடமாட்டேங்குதே! நீங்க சொன்னதெல்லாம் செஞ்சேன். காப்பியை விட்டேன். போனை அடுக்களையில வச்சேன். எங்க வீட்டுக்காரர் க்ளென், பாவம், டி.வி. சத்தம் எனக்குக் கேக்கக் கூடாதுன்னு ஹாக்கி மேட்ச் பாக்கக் கீழ பேஸ்மென்ட்டுக்குப் போறாரு.

மாத்திரையா? ஒரு நாள் தவறல. அந்த ஸ்டீராய்டு, சாப்பாட்டோடன்னு டப்பாவுல போட்டிருக்கே, ராத்திரி சாப்பாட்டோட போடுறேன். ஏன் தலையில கை வைக்கிறீங்க? காலையிலயா போடணும்? காலையில நான் எங்க சாப்பிடுறது? ஆறரைக்கு ஸ்கூல் பஸ்ஸை எடுத்தா ஒன்பது வரைக்கும் ரெண்டு பக்கமும் பனி மூடின வயக்காடு. மைனஸ் முப்பது டிகிரி குளிர்ல எங்க ஒதுங்குறது? ஒரு ரொட்டித் துண்டு தின்னாலே வயிறு பிச்சுக்கும். அதான் பட்டினியா ஓட்டுறேன். நாள் பூரா ஒரே சாப்பாடு, அது ராத்திரிதான்.

அப்ப என்னைத் தூங்க விடாம பண்றது ராத்திரி போடுற அந்த மாத்திரைச் சனியனா? மூணு மாசமா! யாராவது ஒரு வார்த்தை சொன்னீங்களா, அடப்பாவிங்களா... இல்ல, உங்களைச் சொல்லல. கொஞ்சம் அழுதுக்கறேன்.

நாளையிலேருந்து மாத்திக்கறேன், சரி. ஆனா ஏன் பொய் எழுதினேன்னு நீங்க கேக்கலியே. தூங்கலன்னு எழுதினா லைசென்ஸைப் பிடுங்கிருவாங்கன்னு பயம். இருபத்தேழு வருஷப் பொழப்பு.

இன்னிக்குக் காலையில, ரயில் கிராசிங். ஸ்கூல் பஸ்ஸுன்னா அங்க நின்னு, கதவைத் திறந்து, ரயில் வருதான்னு காது குடுத்துக் கேக்கணும். நின்னேன். திறந்தேன். அவ்வளவுதான் ஞாபகம். முத சீட்டு டெஸ்ஸா, ஆறு வயசு, என் கோட்டைப் பிடிச்சு இழுக்கறா. “மிஸ் லொரேன், பஸ் நகருது”ங்கறா. பிரேக்கை மிதிச்சு நிமிந்தா, மூக்குக்கு முன்னாடி சரக்கு ரயில் போயிட்டிருக்கு. உள்ள பத்தொன்பது பிள்ளைங்க, சிஸ்டர்.

க்ளென்கிட்டகூடச் சொல்லல. இந்தாங்க, பஸ் சாவி. மூணு மணிக்கு ஸ்கூல் விடும், வேற ஆளை அனுப்பச் சொல்லி நீங்களே போன் போடுங்க. டெஸ்ஸா படியில கம்பியைப் பிடிக்காம குதிப்பா, பாத்து இறக்கச் சொல்லுங்க.