அப்பா சீட்டும் ஃபியூசும்

செக்காலையிலிருந்து நாச்சியாபுரம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு கார் மெக்கானிக்கும் கார்க்காரப் பிள்ளையும். முகத்தை ஜன்னல் பக்கமும் காதை அவர்கள் பக்கமும் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் வேறென்ன வேலை!

“ஃபியூஸ் ஏன் போகுதுன்னு கண்டுபிடிச்சிட்டேன் தம்பி. டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டுக்கு அடியில ஒயர் தோலுரிஞ்சு கெடக்கு. ஆள் உக்காந்தா நசுங்கி ஃபியூஸ் போயிருது.”

“அதுல ஆரும் உக்கார்றதில்லண்ணே. எங்கப்பா உக்காந்து வந்த சீட்டு. அவுக தவறுனதுலருந்து, மொத வருசத் தலைத்திவசம் வரைக்கும் காலியாத்தான் வச்சிருக்கோம்.”

“வெளையாடாதீக. கனம் இல்லாம ஒயர் எப்படி நசுங்கும்?”

“நேத்து நான் மட்டுந்தான் வந்தேன். எங்க ஊருக்குத் திரும்புற எடத்துல ஃபியூஸ் போயிருச்சு.”

மெக்கானிக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“சாயங்காலம் ஒயர மாத்திரவா?”

“வேணாம்ணே. அப்படியே கெடக்கட்டும். புது ஃபியூஸ் மட்டும் நாலஞ்சு குடுங்க.”