மலைக்குள் வந்த மழை வாசம்

கெலுகோரில் வாகன ஜேமில் சிக்கிய பேருந்து கால் மணி நேரமாக நகரவில்லை. என் முன் இருக்கையில் இருவர். நெரிசலைக் குறைக்க மலையைக் குடைந்து போடும் புதுச் சாலையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர். பக்கத்தில் தொழிற்சாலைச் சீருடையில் ஓர் அக்கா.

“நேத்து மலைக்குள்ள மழை வாசம் அடிச்சுச்சுக்கா,” என்றார் இளைஞர்.

“மலைக்குள்ள ஏது தம்பி மழை?”

“ரெண்டு பக்கமும் குடைஞ்சுக்கிட்டு வந்தோம்ல? நேத்து நாங்க போட்ட துளை, மலைக்கு அந்தப் பக்கம் ஆயர் ஈத்தாம்லேர்ந்து ஆளுங்க குடைஞ்ச இடத்துலயே போய்த் திறந்துச்சு. கையளவு ஓட்டைதான். சில்லுன்னு காத்து, மழை வாசத்தோட. வெளிய ஓடி வந்து பார்த்தா இங்க நல்ல வெயிலு லா!”

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எத்தன மணிக்கு?”

“மூணு இருக்கும்.”

அக்கா சன்னல் வழியே மலையைப் பார்த்தார்.

“எங்க வீடு ஆயர் ஈத்தாம்தான். ஜேம்ல மலையச் சுத்திப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். நேத்து மூணு மணிக்கு மக போன் பண்ணுச்சு, கொடியில போட்ட துணியெல்லாம் நனைஞ்சு போச்சும்மான்னு.”

இளைஞர் பக்கம் திரும்பினார்.

“அந்த மழையா தம்பி, உனக்கு வாசம் அடிச்சுச்சு?”