பழசை அழிச்சா போதுமாம்

அப்படித்தான் சொல்லி அனுப்பினாரா? பழசை அழிச்சா போதும், புதுசா டிஸ்க் எதுக்குன்னு? சொல்லியிருப்பாரு சார். மேனேஜருக்கு நாங்க வச்ச பேரு சுருக்கம். எதைச் சொல்லப் போனாலும் சுருக்கமா சொல்லும்பாரு. அவரு அனுப்புற மெயிலும் ஒரே வரிதான். வணக்கமும் இருக்காது, கீழ பேரும் இருக்காது.

உக்காருங்க. அந்த ஸ்வெட்டரப் போட்டுக்குங்க, வர்றவங்களுக்காகத்தான் தொங்குது. சர்வருக்குக் குளிரணும்னு ஏசியப் போட்டு, நடுவுல என்னையும் போட்டு வச்சிருக்காங்க. ஜன்னல் கிடையாது. கதவு உள்ளேருந்தும் கார்டு வச்சாத்தான் தொறக்கும். உங்ககிட்ட கார்டு இல்ல, அதனால பாத்ரூம் போகணும்னா கூச்சப்படாம சொல்லிடுங்க.

சரி, எஸ்டிமேட்டுக்கு வருவோம். டிஸ்க் விக்கிற கம்பெனிக்காரரு நீங்க, உங்களுக்குத் தெரியாததில்ல. மெயில் மொத்தம் எட்டு டெராபைட். தெனம் மத்தியானம் ஒரு ஸ்னாப்ஷாட் ஓடும், அந்த நேரத்துல மெயில் இருக்கற நெலமையப் பிடிச்சு வைக்கும். முழுசையும் காப்பி எடுக்கறதில்ல, மாறினத மட்டும்தான் எடுத்து வைக்கும். ஒரு நாளைக்கு நூத்துக்கு ரெண்டு மாறுதுன்னு வச்சா, முப்பது நாளைக்கு அஞ்சு டெராபைட் கிட்ட வரும். அதுக்கு மேல பழசானது தானா போயிடும். இதான உங்க கணக்கு? கணக்கு சரிதான், நான் குத்தமே சொல்ல மாட்டேன்.

ஆமா, ஸ்னாப்ஷாட் வைக்கிற பெட்டியில இப்ப இருக்கறது பதினொண்ணு. பெட்டியே பன்னெண்டுதான். பாத்துட்டீங்களா.

அது எங்க ஆளுங்க லட்சணம் சார். டிசைன் பண்றவரு இருக்காரே, ஒரு லேபிள் படத்த ஆபீஸ் முழுக்க அனுப்புவாரு. ஒரு எழுத்து தப்பாயிருக்கும். திருத்தி மறுபடி ஆபீஸ் முழுக்க அனுப்புவாரு. அக்கவுண்ட்ஸ் அம்மாவுக்குப் பேரன் பொறந்தான், அவன் கொட்டாவி விட்டது கூட எல்லாருக்கும் வந்துச்சு. அதுக்கு வாழ்த்து சொல்றேன்னு ஒவ்வொருத்தரும் அந்தப் போட்டோவோடயே பதில் போட்டாங்க. அதனால நூத்துக்கு ரெண்டெல்லாம் பத்தாது, அஞ்சுன்னு போடுங்க. பன்னெண்டு வருதா? நாளைக்கு ஆளு கூடும், மெயிலு கூடும். மொத்தமா இருபதுன்னு எழுதிடுங்க. உங்களுக்கும் வியாபாரம்தான?

ஓ, மாறுற அளவு உங்க லேப்டாப்புலயே வருதா. ரெண்டுதான் காட்டுதா. ம்.

எந்த வரி? ஸ்னாப்ஷாட் லிஸ்ட்ல கடைசில இருக்கறதா? அது டெஸ்ட் சார். பேரே டெஸ்ட்னுதான போட்டிருக்கு, விட்டுத் தள்ளுங்க. டீ சொல்லட்டுமா? உள்ள கொண்டு வரக் கூடாதுதான், எனக்குன்னா கொண்டு வருவாங்க.

தெரியும் சார், ரெண்டு வருஷத்துக்கு முந்தினது. எனக்குத் தெரியாம இருக்குமா. வாடகைக்கு இருந்தவங்க காலி பண்ணிட்டுப் போயும் சாமான் உள்ளேயே கெடக்கற கதைதான். அன்னிக்கு இருந்த மெயில்ல, பின்னாடி யாரு எத அழிச்சாலும், இந்த ஒரு ஸ்னாப்ஷாட் பிடிச்சு வச்சிருக்கற வரைக்கும் அந்த இடம் காலியாகாது. ஆறு டெராபைட் அதுலதான் மாட்டிக்கிட்டு நிக்குது. நீங்க சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க.

அதோட நானும் மாட்டிக்கிட்டு நிக்கறேன். மாசாமாசம் என் கையால நீட்டிக்கணும், இல்லன்னா தானா அழிஞ்சிடும். நல்ல நல்ல வேலையா வந்துச்சு, போகல. வீட்டுக்காரருக்கு வேற ஊருக்கு மாத்தலாச்சு, பொண்ணையும் கூட்டிட்டுப் போயிட்டாரு. அந்தக் குளுரு ரூமுக்குள்ள அப்படி யாருதான் இருக்கா உனக்குன்னு போன்ல கேக்கறாரு. விளையாட்டாக் கேக்கறாரா, நெஜமாக் கேக்கறாரான்னே இப்பல்லாம் புரியல.

மவுஸ்லேருந்து கைய எடுங்க சார். கோச்சுக்காதீங்க, கொஞ்சம் எடுங்க.

பெட்டி நெறஞ்சிடுச்சுன்னா மெஷின் யாரையும் கேக்காது, பழசுலேருந்து அழிச்சிட்டு வரும். நான் நீட்டிச்சு வச்சதையும் பாக்காது. முதல்ல போறது அதுதான். அதுக்குத்தான் வந்ததுலேருந்து இருபது எழுதுங்க, இருபது எழுதுங்கன்னு உங்க உயிர எடுக்கறேன். எனக்குப் பயமா இருக்கு சார்.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி எங்க கிடங்குல தீப்பிடிச்சது கேள்விப்பட்டிருப்பீங்க. லோடு ஏத்துறவரு ஒருத்தரு வெளிய வர முடியாமப் போயே சேந்துட்டாரு. புகை அலாரத்த எங்க கம்பெனி எலக்ட்ரீஷியன் ஆஃப் பண்ணிட்டான்னு சொல்லி அவனப் பிடிச்சிட்டுப் போனாங்க. யாரும் சொல்லாம, அவனா பண்ணினானாம். இன்னும் ஜெயில்லதான் இருக்கான். அன்னிக்கு சாயங்காலமே அவனோட மெயில்பாக்ஸ அழின்னு எனக்கு உத்தரவு வந்துச்சு. அழிச்சேன், இந்தக் கைதான். ஆனா மத்தியான ஸ்னாப்ஷாட் அதுக்கு முன்னாடியே ஓடி முடிஞ்சிருந்துச்சு.

அதுல காலைல வந்த மெயில் ஒண்ணு இருக்கு. ஒரே வரி. லோடு முடியற வரைக்கும் அலாரம் அடிக்கக் கூடாது, ஆஃப் பண்ணு. வணக்கம் இல்ல, கீழ பேரும் இல்ல. பேரு எதுக்கு, யாரு அனுப்பினான்னு மேலயே இருக்கே.

காப்பி எடுத்துக் குடுத்துடலாமேன்னு நானும் கேட்டேன். அவனோட வக்கீல் கூடவே கூடாதுன்னுட்டாரு. பேப்பர்ல குடுத்தா நீயே அடிச்சதும்பாங்க, அதுவும் நீ குடுத்தா நம்பவே மாட்டாங்க, அது அங்கயே இருக்கணும், கோர்ட்டு ஆளு வந்து எடுக்கணும்னாரு. முன்னாடியே கேட்டா இவங்க உஷாராயிடுவாங்களாம், கேசு எடுக்கற அன்னிக்குத்தான் கேக்கணுமாம். கேசு வாய்தாவுக்கு மேல வாய்தாவாப் போகுது. நீங்க ரிப்போர்ட்ல அந்த டெஸ்ட் வரியக் காட்டிக் குடுத்துட்டீங்கன்னா ஒரு கிளிக்குல முடிஞ்சிடும். வேற வழி இல்லாமத்தான் உங்ககிட்ட சொல்றேன்.

இருங்க, கார்டு வைக்கறேன். தொறந்தாச்சு, போறதுன்னா போங்க, நான் தடுக்கல. இருபதுன்னு எழுதறதா இருந்தா மெயில் வளருதுன்னு காரணம் போடுங்க. சுருக்கமா எழுதுங்க, அப்பதான் படிப்பாரு. கையெழுத்துப் போடப் போறதே அவருதான.

ஞாயித்துக்கிழமை நானும் அம்மாவும் ஜெயிலுக்கு அவனப் பாக்கப் போவோம். நாங்க கூடப் பொறந்தவங்கன்னு இங்க யாருக்கும் தெரியாது. சிபாரிசுல வந்தான்னு பேசுவாங்க, சொல்லாதன்னு அவன்தான் அப்ப சொல்லி வச்சான். அம்மா உக்காந்த உடனே அழ ஆரம்பிச்சிடுவாங்க. அவன் அம்மாவக் கூட அப்புறம்தான் பாப்பான். கம்பிக்கு அந்தப் பக்கத்துலேருந்து மொதல்ல என்னத்தான் கேப்பான், அக்கா, பெட்டியில இன்னும் எடம் இருக்கான்னு.