மதிலுக்கு வெளியே ஒரு கல்லறை: கண்காணிப்பாளர் ஹின்ரிக் ரூகெ ஐயாவுக்கு

“...கண்காணிப்பாளர் ஐயா பிரசங்கத்துல மணற்கடிகாரத்த ரெண்டு தடவ திருப்புவாரு. நாமளும் அப்படி நீட்டுனா விருந்து பீரு புளிச்சிப் போயிரும். சுருக்கமா முடிங்க” என்றார் கோயில் மணியடிக்கும் கோயில்பிள்ளை கோர்ட்.

“அதெல்லாம் இருக்கட்டும். வீப்கெயோட பிள்ள விஷயத்த எழுதினீங்களா, இல்லியா?” என்றாள் மருத்துவச்சி தாலெக்கெ.

தங்கள் பிரியாவிடை விருந்தில் வாசிக்க இம்மடலை எழுதுவதற்காக நாங்கள் கூடியிருந்தபோது நடந்த பேச்சு இது. தங்களிடம் எதையும் மறைத்துப் பழகாததால் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

பொமரேனியக் கடற்கரைத் திருச்சபைகளுக்கு முறைமை வகுத்த முதல்வரே! பனியிலும் படகிலும் பயணித்து எங்கள் பங்குகளைப் பண்படுத்திய பெருந்தகையே!

தாங்கள் வந்தபோது எங்கள் பீடங்களில் லத்தீன் ஒலித்தது. கேட்டவருக்குப் பொருள் விளங்கவில்லை. மீனவர் வலை இழுக்கும்போது பேசும் மொழியிலேயே மன்றாடக் கற்பித்தீர்கள். மகள்களுக்கும் பள்ளி வேண்டுமென்று நகரசபையில் மூன்று நாள் வாதாடி, மூடிக்கிடந்த மடத்தின் உணவறையைப் பெற்றுத் தந்தீர்கள். காய்ந்த மீனும் கறுப்பு ரொட்டியும் தவிர வேறில்லாத எங்கள் வீடுகளில் முகம் சுளிக்காமல் உண்டீர்கள்.

இருபத்தெட்டு ஆண்டுகளில் பதினொரு முறை சபை விசாரணைக்கு வந்தீர்கள். பாட்டு, பாடம், கூரை ஒழுகல் வரை கேட்டறிந்தீர்கள். கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு அப்பால் மட்டும் நாங்கள் தங்களை அழைத்துச் செல்லவில்லை. அங்கே சின்னஞ்சிறு மேடுகள் இருக்கின்றன, ஐயா.

முழுதாய்ப் பிறக்குமுன் இறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாகாது, ஜெபித்து ஆண்டவரிடம் ஒப்புவித்தால் போதும் என்று தாங்கள் எழுதிய திருச்சபை முறைமை நூல் சொல்கிறது. தாய்மார் தேறட்டும் என்றே எழுதினீர்கள். எங்கே புதைப்பது என்று அதில் இல்லை. ஞானஸ்நானம் பெறாதவருக்கு உள்ளே இடமில்லை என்று நாங்களாகவே பழைய வழக்கத்தைத் தொடர்ந்தோம்.

சென்ற ஜனவரியில், பிறக்குமுன்னே இறந்த வீப்கெயின் குழந்தையும் அங்கே போயிற்று. அன்றுமுதல் அவள் கோயிலுக்குள் வருவதில்லை. ஞாயிறுதோறும் மதிலுக்கு வெளியே நிற்கிறாள். தாலெக்கெ எங்களைக் கேட்டாள்: “ஜெபம் போதும்னுதானே ஐயா எழுதியிருக்காரு? பரலோகத்துக்குப் போதுமாம், நம்ம கல்லறைக்குப் போதாதாமா?”

நாளைக் காலை தாங்கள் ஓய்வு பெற, கண்காணிப்பாளர் முத்திரை தங்களுக்குப் பின் வருபவர் கைக்குப் போகிறது. எழுத்தில் உள்ளதைத் தாண்டி எதையும் அனுமதிக்கப் போவதில்லை என்று அவர் இப்போதே சொல்லிவிட்டார்.

தங்கள் முதுமை நோயின்றி நீளவும், கண்ணொளி மங்காதிருக்கவும் கடவுளை வேண்டுகிறோம். திருச்சபை முறைமையின் பிரதியை இந்த விருந்து மேசையில் விரித்து வைத்திருக்கிறோம். மையும் மெழுகும் அருகில் உள்ளன. வீப்கெ வாசலில் நிற்கிறாள். அந்தக் குழந்தைகளை மதிலுக்குள்ளே கொண்டுவர, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் தங்கள் கையால் ஒரே ஒரு வரி எழுதித் தாருங்கள், ஐயா.

தங்கள் அன்புள்ள,
போதகர்கள், பள்ளியாசிரியர்கள், கோயில்பிள்ளை கோர்ட், மருத்துவச்சி தாலெக்கெ (கைநாட்டு)