பட்டனை ஆர் அமத்துறது

– அவன் மெல்பேர்னில இருந்து போனில தெரிவான். ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல அவனும் அங்கயிருந்து சொல்லுவான். இஞ்ச அவனுக்குப் பதிலா நான் எரிக்கிற மெசினின்ர பட்டனை அமத்துறன். உதில என்ன பிழை கண்டனி, பிள்ளை?

– சீரியஸ்லி, சித்தப்பா? அண்ணா போனுக்குள்ள நிண்டு அப்பாவுக்குக் கொள்ளி வைக்கப்போறார். நான் பெட்டிக்குப் பக்கத்தில உயிரோட நிக்கிறன். உள்ள கிடக்கிறது எனக்கும் அப்பாதான்.

– ஆர் இல்லையெண்டது? நீ வாய்க்கரிசி போடு, பூப் போடு, கட்டிப்பிடிச்சு அழு. கொள்ளி எண்டா ஆம்பிளைப் பிள்ளை. கஜீவன் மூத்தவன். இருக்கிறவனை விட்டிட்டுச் செய்யேலுமே?

– இருக்கிறவர் எங்க இருக்கிறார்?

– கேளன் பிள்ளை, மெதுவாக் கதை. ஹோலில சனம் வந்து இருக்கத் தொடங்கீட்டுது.

– இருக்கட்டும். உந்தச் சனத்தில பாதிப்பேருக்கு என்னைத் தெரியும். கோயிலில கண்டா முகத்தைத் திருப்புவினம், ஆனாத் தெரியும். எங்கட ஆக்கள் செத்தா இந்தப் பியூனரல் ஹோமுக்குத்தான் கொண்டு வருகினம். கூட்டிக்கொண்டு போய் எல்லாம் செய்து குடுக்கிறது நான். தகப்பனை எரிக்க வாற ஆம்பிளைப் பிள்ளையளுக்கு, "அண்ணா, இதுதான் பட்டன், பயப்படாமல் அமத்துங்கோ" எண்டு காட்டுறதும் நான்தான். மில்லிக்கன்ல இருந்து வந்த ஒரு அண்ணா, ஆறடி உயரம், ஜிம்முக்குப் போய் வளர்த்த உடம்பு. அமத்தேலாமல் குழந்தைப்பிள்ளை மாதிரி நிலத்தில இருந்திட்டார். அவற்ர கையைப் பிடிச்சு என்ர கையாலதான் அமத்தினது. ஐயர் பக்கத்தில நிண்டவர். ஒரு சொல்லுச் சொல்லேல்லை.

– அது உன்ர வேலை, பிள்ளை. வேலை வேற, கிரியை வேற.

– ஊரில உள்ள அப்பாமாருக்கு அமத்தினா வேலை. என்ர அப்பாவுக்கு அமத்தினா மட்டும் குற்றமோ?

– விசர்க்கதை கதையாதை. குற்றமெண்டு ஆர் சொன்னது? முறை எண்டு ஒண்டு இருக்கெல்லே.

– முறையோ! முறையெண்டா பொம்பிளையள் சுடலைப்பக்கம் வரக்கூடாது. அம்மா அந்தா உந்தக் கதிரையில இருக்கிறா. முறையெண்டா கொள்ளி வைக்கிறவர் ஈர வேட்டியோட நிக்கவேணும். அண்ணா மேல சேட்டும் கீழ ஷோட்ஸுமாத்தான் நிப்பார், கமராவுக்கு மேல் பாதிதானே தெரியும். அதெல்லாம் விடலாம். என்னை மட்டும் விடேலாது, என்ன?

– அவனுக்கு லீவு கிடைக்கேல்லை. டொக்டரெண்டா நினைச்ச உடன வெளிக்கிட்டு வரேலுமே?

– ஒண்டைவிட்ட ஒருநாள் அப்பாவை டயாலிசிசுக்கு ஏத்திக்கொண்டு போனது ஆர்? அந்தக் குளிரில கார்க்கண்ணாடியில உறைஞ்ச பனியைச் சுரண்டினது ஆர்? எனக்கு மட்டும் வேலையில்லையே? நான் லீவு கேட்டன், குடுத்தவங்கள். கேட்டாத்தான் குடுப்பினம், சித்தப்பா.

– எட பிள்ளை, உவன்ர படிப்பில பொறாமைப்படாதை. கூடப்பிறந்தவன்.

– பொறாமையோ? சரி, படிப்பைப் பற்றியே கதைப்பம். எனக்கு வாட்டர்லூ யூனிவேர்சிற்றியில எஞ்சினியரிங் கிடைச்சது. தெரியுமெல்லே?

– தெரியும். அண்ணை அண்டைக்கு எனக்குப் போன் எடுத்தவர். சந்தோசப்பட்டவர்.

– சந்தோசப்பட்டவர். பிறகு என்னைக் கூப்பிட்டு, "பொம்பிளைப்பிள்ளை தனிய றூம் எடுத்து இருந்து படிக்கத் தேவையில்லை, பஸ்ஸில போய் வரக்கூடிய இடத்தில ஏதாவது படி" எண்டார். வாட்டர்லூ தூரம்! அண்ணாவுக்குக் கரீபியன் தீவில மெடிசின். அதுக்குப் பிளேன் ஏறவேணும். அது தூரமில்லை. எனக்குக் கோவம் வந்தது, சித்தப்பா. நல்லாக் கோவம் வந்தது. பஸ்ஸில போய் வரக்கூடிய கொலிஜில என்ன இருக்கெண்டு பாத்தன். அப்பாவுக்கு ஆகப் பிடிக்காத படிப்பு எதுவோ, இந்தப் பியூனரல் வேலைப் படிப்பு, அதை எடுத்தன்.

– அதைத்தான் நானும் அப்பவே சொன்னனான். உது வீம்புக்குப் படிச்ச படிப்பெண்டு.

– வீம்புக்குத்தான் போனன். பிறகு பிடிச்சுப்போச்சு. என்ன செய்ய? செத்தவீட்டில சனம் பொய் சொல்லாது. ஒரு ஆளின்ர கடைசி நாளை ஒழுங்காச் செய்து குடுத்தா, அந்தச் சனம் பாக்கிற பார்வை இருக்கே, அது எந்த எஞ்சினியருக்கும் கிடைக்காது. அடுத்த கிழமை அதே சனம் கடையில கண்டால் அடுத்த லைனுக்குப் போகும், அது வேற கதை.

– ஆர் அப்பிடிப் போனது?

– கமலாம்பிகை அன்ரி. அங்கிள் செத்த அண்டு என்ர தோளிலதான் கிடந்து அழுதவ. "நீ எனக்குப் பிள்ளை மாதிரி" எண்டவ. மகனுக்குக் கலியாணம் வந்தது. வீட்டில அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும் கலியாணக் காட். "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வராதையுங்கோ, நல்ல காரியம்" எண்டு அம்மாட்டச் சொல்லியும் விட்டவ. அப்பா என்ன சொன்னார் எண்டு நினைக்கிறீங்கள்? ஒண்டும் சொல்லேல்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு போய்ச் சாப்பிட்டிட்டு வந்தார்.

– அண்ணைக்கும் வெக்கம்தானே, பிள்ளை. அவரும் நாலு சனத்துக்குள்ள போய் வாற மனிசன்.

– தெரியும். கேக்கிற ஆக்களுக்கு "மகள் ஹெல்த் கெயாரில வேலை" எண்டு சொல்லுவார். பிக்கரிங்கில இருந்து பொம்பிளை பாக்க வந்த ஆக்களுக்கும் அதைத்தான் சொல்லி வைச்சிருக்கிறார். பெடியன் நல்ல பெடியன்தான். "எந்த ஆஸ்பத்திரி?" எண்டு கேட்டான். நான் உண்மையைச் சொன்னன். என்ர கையால குடுத்த தேத்தண்ணி, ஒருத்தரும் ஒரு மிடறு குடிக்கேல்லை. தாய்க்காரி கப்பை மேசையில வைச்சிட்டு டிசு பேப்பரால கையைத் துடைச்சா.

– அண்டிரவு அண்ணை சாப்பிடேல்லையாம். அண்ணி எனக்குச் சொல்லி அழுதவ.

– நானும் சாப்பிடேல்லை. அதை ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லேல்லை, என்ன?

– பிள்ளை...

– நான் அப்பாவைக் குறை சொல்லேல்லை, சித்தப்பா. வேலையால வந்தா பேஸ்மென்ற் கதவால உள்ள வா, கீழ முழுகிப்போட்டு மேல வா எண்டுவார். நான் ஒருநாளும் மறுத்துக் கதைக்கேல்லை. செத்தவீட்டுக்குப் போட்டு வந்தா எல்லாரும் முழுகிறதுதானே. அவற்ர பழக்கம், அவற்ர மனம் நோகக்கூடாது எண்டு விட்டன். கடைசிக் காலத்தில நல்லா மாறியும் இருந்தவர். கார்ல போகேக்க, "இண்டைக்கு ஆற்ர ஆக்கள் வந்தவை?" எண்டு தானாக் கேப்பார். அவருக்கு என்னில மனஸ்தாபம் இல்லை. உங்களுக்குத்தான் இருக்கு.

– எனக்கோ?

– உங்களுக்குத்தான். நேற்று ஐயர் "மகள் செய்யலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை" எண்டவர். அண்ணாவும் போனில "அவள் செய்யட்டும்" எண்டவர். பிறம்ரனில இருந்து விடியக் காரை எடுத்துக்கொண்டு வந்து குறுக்க நிக்கிறது நீங்கள் ஒராள்தான்.

– அண்ணி, நீங்களாவது பிள்ளைக்குச் சொல்லுங்கோவன்.

– நான் என்னத்தைச் சொல்ல, தம்பி. என்ர ராசாத்தி, விடனம்மா. சித்தப்பா சொல்லுற மாதிரி இதை முடிப்பம். அம்மாவுக்காக.

– எல்லாம் உங்களுக்காகத்தான், அம்மா. "அப்பாவோட சண்டை பிடியாதை, அம்மாவுக்காக." "வாட்டர்லூவை விடு, அம்மாவுக்காக." "பொம்பிளை பாக்க வரேக்க வாயை மூடிக்கொண்டு இரு, அம்மாவுக்காக." எனக்கெண்டு நான் ஒண்டும் கேட்டதில்லை. இப்ப கேக்கிறன். என்ர அப்பாவை நான் அனுப்பிவைக்கவேணும். அது ஒண்டுதான். அண்டைக்கு அந்த மில்லிக்கன் அண்ணாவின்ர கையைப் பிடிச்சு அமத்தேக்கயே நினைச்சனான், என்ர அப்பாவுக்கு இதை வேற ஆரும் செய்ய விடமாட்டன் எண்டு.

– ஐயோ முருகா, நான் இந்தப் பிள்ளைக்கு என்ன செய்வன்.

– அழாதையுங்கோ, அண்ணி. பிள்ளை, கொம்மாவைப் பார். அவவுக்குப் பிறஷர்.

– அம்மாவின்ர பிறஷரைச் சொல்லித்தான் இந்த வீட்டில எல்லாம் நடந்தது. சித்தப்பா, நேர ஒரு கேள்வி. உங்களுக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை. மிதுஷா ஒராள்தான். நாளைக்கு உங்களுக்கு ஒண்டு நடந்தா ஆர் அமத்துறது? அப்பவும் மெல்பேர்னுக்குப் போன் போடுறதோ?

– மிதுஷாதான்.

– என்ன?

– மிதுஷாதான் அமத்துவாள். நான் வீட்டில சொல்லி வைச்சிட்டன். மனிசிக்கும் சம்மதம்.

– உங்களுக்கு மகள் அமத்தலாம்!

– நான் பழைய பஞ்சாங்கமில்லை, பிள்ளை. எங்கட வீட்டில மனிசி நைற் ஷிப்ற், சமையல் நான். மிதுஷாவுக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக்குடுக்கிறதும் நான்தான்.

– அப்ப என்னத்துக்கு இவ்வளவு நேரமும் முறை, முறை எண்டு என்ர உயிரை எடுக்கிறீங்கள்? உங்கட மகளுக்கு ஒரு முறை, எனக்கு வேற முறையோ? மிதுஷா பாங்கில வேலை, நான் இஞ்ச வேலை. அதுவோ?

– தம்பி, வேண்டாம். சொல்லிப்போடாதையுங்கோ.

– என்னத்தைச் சொல்லவேண்டாம் எண்டுறீங்கள், அம்மா?

– ஒண்டுமில்லையம்மா. வா, முகத்தைக் கழுவிப்போட்டு ஹோலுக்குப் போவம்.

– சித்தப்பா?

– பிள்ளை, என்னைப் பேசு. படிப்பறிவில்லாதவன், பட்டிக்காட்டான், என்ன எண்டாலும் சொல்லு. இனி என்ர வீட்டுக்கு வரமாட்டன் எண்டு சொல்லு. நான் வாங்கிக்கொள்ளுறன். இதை மட்டும் கேளாதை.

– இஞ்ச சொல்லாட்டி ஹோலில போய் மைக்கைப் பிடிச்சுக் கேப்பன். மைக் எங்க இருக்கெண்டும் எனக்குத் தெரியும்.

– அண்ணி, நான் என்ன செய்ய?

– ஐயோ, நான் சொன்னனே, சொன்னனே...

– கேள், பிள்ளை. இருந்துகொண்டு கேள். இது நானில்லை. உனக்காக நான் ஆஸ்பத்திரியில அண்ணையோட சண்டை பிடிச்சனான். "உங்களைப் பாக்கிறது அவள்தான், அவளே கடைசியும் செய்யட்டும்" எண்டனான். நர்ஸ் வந்து என்னை வெளியில போகச் சொல்லுற அளவுக்குச் சத்தம் போட்டனான். அண்ணை விடேல்லை. என்ர கையைத் தன்ர தலையில வைச்சுச் சத்தியம் வாங்கினவர். "கண்ட பிணமெல்லாம் தொட்ட கை, ஜெயம். நான் செத்தாப் பிறகு அந்தக் கை என்னில படக்கூடாது. அவளுக்கும் சொல்லாதை, நீ தடுத்ததாவே இருக்கட்டும்" எண்டு.

– அட்சயா. பிள்ளை, ஏதாவது கதையம்மா. அம்மாவைப் பாரன்.

– வருத்தக்காரர், பிள்ளை. மருந்து மயக்கத்தில சொன்னதா நினை. மனசில வைச்சிருக்காதை.

– ஐயர் வந்திட்டார். நேரமாச்சு, போங்கோ. பட்டனுக்கு மேல ஒரு மூடி இருக்கும், சித்தப்பா, அதைத் தூக்கிப்போட்டு அமத்தவேணும். ஒருக்கா அமத்தினாக் காணும், கையை உடன எடுங்கோ.

– அப்ப நான் செய்யட்டே? உனக்குக் கோவமில்லையே, பிள்ளை?

– செய்யுங்கோ. நேற்று ஒருத்தரையும் உள்ள விடாமல், கதவைப் பூட்டிப்போட்டுத் தனிய நிண்டு, அப்பாவை முழுகவாத்து, முகம் வழிச்சு, வேட்டி கட்டிவிட்டது நான்தான்.