நாலு கொடிக்குள்ள ஒரு வீடு

— அந்த நாலு சிவப்புக் கொடிக்குள்ள மட்டும்தான் கட்டணுமாம்க்கா. மிச்ச நிலத்துல ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாதாம். கவுண்டி ஆபீசர் சிரிச்சுக்கிட்டே சொல்றாரு.

— கார் கதவைச் சாத்து ரோஷினி, குளிருது. எத்தன ஊடு கட்டலாமாம்?

— ஒண்ணு. ஒரே ஒண்ணு. எப்பவும் விவசாய நிலமாவே இருக்கணும்னு பழைய ஓனர் கவர்மென்ட் ப்ரோக்ராம்ல சேத்துட்டாராம். யார் வாங்கினாலும் அதே ரூல். அதான் இவ்ளோ சீப்பா வந்திருக்கு. உங்க ஆளும் என் ஆளும், அண்ணனும் தம்பியும் சேர்ந்து, எதையும் படிக்காம சைன் பண்ணியிருக்காங்க.

— அவீங்க ரெண்டு பேரும் மைக்ரோவேவ் வாங்குனாக்கூட பொஸ்தகத்தைப் பிரிக்க மாட்டாங்க. இப்ப என்ன பண்றாங்களாம்?

— மாமா பூட்ஸால மண்ணை உதைச்சுக்கிட்டு நிக்கறாரு. அகிலன், ஒரே வீட்ல ரெண்டு கிச்சன் வெக்கலாமான்னு ஆபீசர்கிட்ட கெஞ்சறான்.

— கெஞ்சட்டும்.

— சிரிக்காதீங்கக்கா. நான் வரமாட்டேன். மான்மவுத் ஜங்ஷன்ல ஒரே அபார்ட்மென்ட்ல ரெண்டு வருஷம் இருந்தது போதும். நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து அப்பதான் கண்ணை மூடுவேன். நீங்க சட்னி அரைக்க ஆரம்பிப்பீங்க.

— அதுக்குத்தான் மிக்ஸி ஜாரைத் தூக்கிட்டுப் போயி கார் ட்ரங்க்ல ஒளிச்சு வெச்சியே.

— அன்னிக்கு ஐசியூல என் பேஷண்ட் செத்துப் போயிட்டாருக்கா. வீட்டுக்கு வந்தா விர்ருனு அந்தச் சத்தம்.

— அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அரைச்சிருப்பனா?

— வாயைத் திறந்தா அழுதுருவேன். அதான் ஜாரைத் தூக்கினேன்.

— கிறுக்கி.

— இன்னும் ட்ரங்க்லதான் கிடக்கு. தனியா போனப்ப திருப்பித் தரணும்னு நினைச்சேன். மனசு வரல.

— மூடி எங்கூட்ல இருக்குது.

— வேற ஜார் வாங்கலையா?

— வாங்காம? ஆனா காலைல மிக்ஸி போடறதில்ல. முந்தின நாள் சாயங்காலமே அரைச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சர்றேன்.

— ஏன், உங்க வீட்ல யாரு பகல்ல தூங்கறாங்க?

— ஆரும் இல்ல. கை அப்படிப் பழகிருச்சு.

— அக்கா, இந்த மாதிரியெல்லாம் பேசி என்னை மாத்தாதீங்க. எங்க பங்கையும் நீங்களே எடுத்துக்கங்க. நீங்க கட்டுங்க, நாங்க வீக்கெண்ட் வந்துட்டுப் போறோம்.

— வடக்கால ஒரு ரூமு. பகல்ல திரையை இழுத்துட்டா ஒரு சொட்டு வெளிச்சம் உள்ள வரக்கூடாது. சமையக்கட்டு அந்தக் கோடில. நடுவுல ரெண்டு செவுரு வெச்சா உனக்கு ஒண்ணும் கேக்காது.

— ஒரே வீடுன்னு தெரிஞ்சே இன்னும் பத்து நிமிஷம் ஆகல. அதுக்குள்ள பிளானே போட்டாச்சா?

— கையெழுத்துக்கு முந்தின நாளே வக்கீல் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு, கண்ணு. உங்க மாமா போனு சார்ஜர்ல கெடந்துச்சு. எடுத்தது நாந்தான்.